பேச்சியக்கா கிணற்றில் எங்கள் சாயம்

சாயப்பட்டறைக்காரனிடம் என்ன தொழில் என்று யாரும் கேட்பதில்லை. கையைப் பார்த்தாலே போதும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரையில் நூலை முக்கிப் பிழிந்து வயிறு வளர்த்த என் கூட்டாளிகளே, நாம் பிசைந்த சோறும் நிறம் மாறிய காலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

பச்சை விரல்

என்னோடு தொட்டியில் நின்ற மாரியப்பனுக்கு, சாயத்தில் கலக்கும் காஸ்டிக் சோடா விரலிடுக்கையெல்லாம் தின்றுவிட்டது. தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மறுபடி முக்குவான். மனசு கேட்காமல் நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். கையைப் பார்த்ததும் டாக்டர் முகம் மாறிவிட்டது. அழுகிவிட்டது, விரலை எடுக்க வேண்டிவரும் என்றார். மாரியப்பன் பதறவே இல்லை.

"அழுகலய்யா, அது காலைல முக்குன பச்சைச் சாயம். அதுக்குக் கீழ இருக்குற புண்ணைப் பாருங்க."

ரோஸ் இட்லி

சாயம் கழுவிய தண்ணீரைக் கொல்லைக் குழியில் விடுவோம். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சியக்காவின் கிணறு. இட்லி விற்றுத் தனியாளாகக் காலம் தள்ளிய மனுஷி. எங்கள் தட்டில் மட்டும் ஒரு இட்லி கூடவே விழும், அவ்வளவு பிரியம்.

குடத்துத் தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒருநாள் இட்லி லேசான ரோஸ் நிறத்தில் வெந்து வந்தது. வாடிக்கைக்காரர்கள் வருவது நின்றுபோனது. பிழைப்பே போச்சு, குழியை மாற்றுங்கள் என்று அக்கா எங்கள் முதலாளியிடம் வந்து நின்றாள். அவர் கெட்டவரில்லை, தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லுவார், அவ்வளவுதான்.

"மண்ணு வடிகட்டிரும் தாயி. தெளிஞ்ச பெறகுதான் ஒங்க கெணத்துக்கு வருது."

முதல் தம்ளர்

சித்திரைத் திருவிழாவில் அழகரைப் பார்க்க வரும் சனங்களுக்கு, முதலாளி வருஷந்தோறும் பட்டறை வாசலில் நீர்மோர்ப் பந்தல் போடுவார். முதல் தம்ளரை அவரே குடித்துத்தான் பந்தலைத் திறப்பது வழக்கம். எப்போதும் அக்கா கிணற்றுத் தண்ணீர்தான். அந்த வருஷம் மட்டும் சத்தமில்லாமல் வைகை மணலில் ஊற்றுத் தோண்டி, வண்டியில் தண்ணீர் வந்து இறங்கியது.

வண்டியை அக்கா பார்த்துவிட்டாள். தன் கிணற்றுத் தண்ணீரில் ஒரு தம்ளர் மோர் கலக்கிக் கொண்டுவந்து முதலாளி கையில் கொடுத்தாள். மோர் ரோஸ் நிறமாக இருந்தது. தெருவே பார்த்துக்கொண்டு நிற்கிறது, அவர் கை வாய்க்கு எழும்பவில்லை. அக்காவை நினைத்தால் எனக்கு இன்றும் பெருமையாக இருக்கிறது, குரலைக்கூட உயர்த்தவில்லை.

"குடிங்க மொதலாளி. மண்ணு வடிகட்டுன தண்ணிதானே."

மறுநாளே குழி மூடப்பட்டது, அடுத்த மழையில் கிணறு தெளிந்தது, இட்லியும் வெளுத்தது. சாயத் தண்ணீர் மட்டும் ஊருக்கு வெளியே கண்மாய்க்குப் போனது, அங்கே தம்ளரோடு வந்து நிற்க ஒரு பேச்சியக்கா இல்லை.