மரியசெல்வத்துக்கு ஒரு ஒன்ஸ்மோர்

கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் மரியசெல்வம் எனக்கு எதிர் மேசைக்காரன். வாரம் முழுக்க டைப் அடிப்பான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் கிதார் வாசிப்பான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த தாய்மாமன் கொண்டுவந்து கொடுத்த கிதார் அது. கோயிலில் வாசித்து வாசித்து அவனுக்குச் சலித்துவிட்டது. சொந்தமாகப் பாட்டு கட்ட ஆரம்பித்தான். சினிமாப் பாட்டும் இல்லை, சாமிப் பாட்டும் இல்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன், மழை, குடை என்று போகும். கேட்கிறவன் யார் என்று கேட்டால் முறைப்பான்.

எனக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாற்காலியைப் பற்றித் தெரியும். ஊரில் எந்த விழா என்றாலும் நாற்காலி போடுகிற பொறுப்பு இந்த சோமு தலையில்தான் விழும். ஆகவே 1977இல் நடந்ததை நாற்காலிக்காரனாகத்தான் சொல்ல முடியும்.

பள்ளிக்கூடக் கட்டட நிதிக்காக மெட்ராஸிலிருந்து ஓர் இன்னிசைக் குழுவை வரவழைத்திருந்தார்கள். அவர்கள் மேடையேறும் முன் அரைமணி நேரம் உள்ளூர்ப் பையன்கள் வாசிக்கட்டும் என்று முடிவானது. மரியசெல்வத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. கோயில் பாடற்குழுவிலிருந்தே இரண்டு பேரைச் சேர்த்து ‘அலைவரிசை’ என்று பெயர் வைத்தான். டிரம்ஸுக்கு மட்டும் விழிதியூர் தெட்சிணாமூர்த்தி. கொம்யூன் வேலையை விட்டுவிட்டு மெட்ராஸ் போய்ப் பாட்டிலேயே பிழைக்க வேண்டும் என்பது மரியசெல்வத்துக்கு வெகுநாள் ஆசை. அதை வீட்டில் சொன்னபோது அவன் மனைவி சலோமி கத்தவில்லை, அழவில்லை.

“சனங்க முன்னாடி உங்க பாட்டைப் பாடுங்க. ஒருத்தராவது ஒன்ஸ்மோர் கேட்டா, போங்க. நானும் வர்றேன். யாரும் கேக்கலேன்னா இந்தப் பேச்சை விட்டுடுங்க,” என்றாள்.

அவன் அதற்கு ஒப்புக்கொண்டான். மறுநாள் காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டான். ஒருத்தர்தானே, கிடைக்காமலா போய்விடுவார் என்று நானும் நினைத்தேன்.

விழா அன்று சாயங்காலம் மைதானம் நிரம்பிவிட்டது. முன்வரிசை நாற்காலிகளில் பங்குச்சாமியாரும் கன்னியாஸ்திரீகளும். அடுத்து ஜமுக்காளத்தில் கோயில் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் ஊர் சனம் எல்லாம். மரியசெல்வம் இஸ்திரி போட்ட பெல்பாட்டம் மாட்டிக்கொண்டு மேடையேறினான். ஏறியவன் சனங்களைப் பார்த்து நிற்க வேண்டாமா? கோயிலில் பாடற்குழு மேல்மாடத்தில் நிற்கும். வாசிக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை, அவனும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தில் நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தபடி வட்டம் கட்டிக்கொண்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது முதுகுதான்.

முதல் பாட்டு அந்தக் கடைசி பஸ். மெதுவாகத் தந்திகளை மீட்டித் தொடங்கினான். ஞாயிறு பூசையில் சாமியார் உள்ளே வர, சனம் எழுந்து நிற்கும்போது எப்படி மீட்டுவானோ, அச்சு அசல் அப்படியே. ஜமுக்காளத்தில் இருந்த ஞானமேரி அக்கா சட்டென்று எழுந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, கைகூப்பி நின்றார். அவர் கடைத்தெருவில் ரொட்டி அடுப்பு வைத்திருந்த சூசைராஜின் மனைவி. ஒரு பூசை தவறமாட்டார். அவர் எழுந்ததும் அந்த வரிசை எழுந்தது. கோயிலில் ஒருவர் எழுந்தால் எல்லாரும் எழுவதுதானே வழக்கம். முன்னால் இருந்தவர்கள் எழுந்ததைப் பார்த்து, யாரோ மந்திரி வருகிறார் போலிருக்கிறது என்று பின்னால் இருந்த பாதிப் பேரும் எழுந்தார்கள். நான் போட்ட நாற்காலிகளில் பாதி காலி. கடைசியில் இருந்தவர்கள் “ஏய், உக்காருங்கய்யா, மறைக்குது!” என்று கத்தினார்கள்.

பாட்டு முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. பூசையில் யார் கைதட்டுவார்கள்? ஞானமேரி அக்கா மட்டும் பக்தியோடு “ஆமென்” என்றார். அதற்குத்தான் மைதானமே சிரித்தது.

அதற்கப்புறம் தேறவில்லை. ஆம்ப்ளிபயர் உறுமியது. தெட்சிணாமூர்த்தி பயத்தில் ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி அடித்தான். “சினிமாப் பாட்டுப் பாடுங்கடா!” என்று ஒரு குரல், கூடவே விசில். மூன்றாவது பாட்டின் நடுவில் மைக் செட்டை மெட்ராஸ்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். சலோமி கேட்டிருக்கலாமே என்று இன்றைக்கு நீங்கள் சொல்வீர்கள். ஒரு பெண்பிள்ளை கூட்டத்தில் எழுந்து ஒன்ஸ்மோர் கேட்கிற காலமா அது? அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் மேடை ஓரத்தில் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்கவில்லை.

மரியசெல்வம் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினான். மெட்ராஸ் பேச்சை அதோடு விட்டான். கொஞ்ச காலம் கழித்துப் பங்குச்சாமியார் அந்தக் கடைசி பஸ் மெட்டைக் கேட்டு வாங்கி, செத்தவர்களுக்கான ஆன்ம இளைப்பாற்றிப் பூசைக்கு வார்த்தை எழுதிப் போட்டார். அது பிடித்துக்கொண்டது. அதன்பின் பங்கில் யார் செத்தாலும் மரியசெல்வத்தின் பாட்டுக்கு வேலை வந்தது. கைதட்ட முடியாத இடமாகப் பார்த்துத்தான் அந்தப் பாட்டு போய்ச் சேர்ந்தது.

1986 ஐப்பசியில் ஞானமேரி அக்காவின் வீட்டுக்காரர் சூசைராஜ் இறந்தார். கல்லறைத்தோட்டத்தில் தூறல். ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டோம். மரியசெல்வம் சாமியாரின் வார்த்தைகளில் பாடி முடித்தான். கூட்டம் கலையப் போன நேரம். ஞானமேரி அக்கா குழியைவிட்டு நகரவில்லை.

“தம்பி, அதை இன்னொரு தடவை பாடுங்க,” என்றார்.

அவன் கை தந்தி மேலேயே நின்றது. சலோமியைப் பார்த்தான். அவள் தலையை அசைத்தாள். அவன் பாடினான். ஆனால் வந்தது சாமியார் வார்த்தை இல்லை.

“கடைசி பஸ்ஸும் போயிடுச்சு, கையில குடை மட்டும் இருக்கு. நனையாமத்தான் நிக்கிறேன், நீ இல்லாம நிக்கிறேன்.”

ஞானமேரி அக்கா வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. சாமியார் கையிலிருந்த புத்தகத்தை மூடிக்கொண்டார். இந்தத் தடவை உட்காரச் சொல்லி யாரும் கத்தவில்லை.

திரும்பி வருகிற வழியில் அவர்கள் இரண்டு பேரும் எனக்கு முன்னால் நடந்தார்கள். சலோமி அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

“ஒருத்தர் கேட்டுட்டாங்க. இப்ப நீங்க போறதுன்னா போகலாம். நானும் வர்றேன்.”

மரியசெல்வம் கிதாரை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டான்.

“நாளைக்கு ஆபீஸ் இருக்கு,” என்றான்.