ராதோய்காவின் நடுங்கும் கோடு

"சனியனே, நேராப் போயேன்! உனக்கு என்ன குறை வெச்சேன்?"

திரையில் ஊரும் கோட்டை ராதோய்கா இப்படித்தான் திட்டுவாள். கோடு நேராகப் போகும்வரை மூச்சை அடக்கிக்கொண்டிருப்பாள். நடுங்கினால் அடக்கிய மூச்செல்லாம் வசவாக வெளியேறும்.

நிஷ் நகரத்து ஆய்வகமொன்றில், புரதம் ஒட்டுவதை அளப்பது அவள் வேலை. சட்டைப் பொத்தான் அளவே உள்ள, தங்கம் பூசிய படிகம் ஒன்று கருவிக்குள் அதிர்ந்துகொண்டிருக்கும். அதன்மேல் புரதம் ஒட்டினால் பாரம் கூடும், அதிர்வு குறையும், கோடு இறங்கும். பசும்பால் புரதத்தை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளைத் தங்கத்தின்மேல் முதலில் உட்கார வைப்பாள். மிச்ச இடத்தில் வேறெதுவும் ஒட்டாதபடி, பஸ்ஸில் துண்டு போடுவதுபோல, ஆல்புமின் என்ற இன்னொரு புரதத்தைப் பரப்பி வைப்பாள்.

"புரதத்துக்கு வெக்கமே கிடையாதுங்க. எதைக் கண்டாலும் ஒட்டிக்கும். என் நாத்தனார் மாதிரி" என்பாள், கேட்பவர்களிடம்.

பக்கத்து மேசை வுகாஷினுக்கும் அவளுக்கும் ஜன்னல் சண்டை. ஜூலை வெயிலிலும் அவன் கழுத்தில் கம்பளித் துண்டு இருக்கும். ஊரே பயப்படும் ஜன்னல் காற்றுக்கு அவனும் பயப்படுவான்.

"சாத்து ராதா. காத்தடிச்சு எங்க சித்தப்பாவுக்கு வாயே கோணிப்போச்சு."

"உங்க சித்தப்பா குடிச்ச ராக்கியாவுக்குக் கோணாதது காத்துக்கா கோணும்? நீயெல்லாம் ஒரு விஞ்ஞானி!"

அவன் சாத்துவான், அவள் திறப்பாள்.

ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியில் பசும்பால் கலந்திருக்கிறதா என்று காட்டும் கருவி வேண்டுமென்று பீரோத் என்ற ஊரிலிருந்து ஆலை முதலாளி கர்ஸ்மான் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார். அவருக்குப் பிடிக்காவிட்டால் ராதோய்காவின் நான்கு வருட உழைப்பு பரணுக்குப் போய்விடும். கோடோ ஒரு வாரமாக நடுங்கியது. படிகத்தை மாற்றினாள், குழாயைக் கழுவினாள், எல்லோருடைய கைபேசியையும் பிடுங்கி வெளியே வைத்தாள். ஒன்றுக்கும் மசியவில்லை.

புதனன்று பூரெக் பலகாரம் வாங்கப் போய்த் திரும்பினால் கோடு நூல் பிடித்ததுபோல் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. திறந்து பார்த்தாள், நடுங்கியது. சாத்தினாள், அடங்கியது. பாவம், அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வுகாஷின் வரும் காலடி கேட்டதும் ஜன்னலை மறுபடி விரியத் திறந்துவிட்டு, தலையைக் குனிந்து பூரெக்கைத் தின்றாள்.

வெள்ளியன்று, வெளியே சத்தமாக இருக்கிறது என்று சொல்லிச் சாத்தி வைத்தாள். கர்ஸ்மான் இரண்டு கட்டிகள் கொண்டுவந்தார். ஒன்றில் அவரே பசும்பால் கலந்திருந்தார், எதில் என்று சொல்லவில்லை. முதல் கட்டியின் கரைசல் ஓடும்போது, "என்னம்மா, அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கே!" என்று எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார்.

கோடு நடுங்கியது.

"ஐயையோ, சாத்துங்க! காத்தடிக்குது!" என்று கத்தினாள் ராதோய்கா.

கர்ஸ்மான் பதறிச் சாத்தினார். வுகாஷின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். கழுத்துத் துண்டை அவிழ்த்து நீட்டினான். அவனை எரித்துவிடுவதுபோல் பார்த்துவிட்டு அதைப் பிடுங்கி, கருவியை இரண்டு சுற்று சுற்றி முடிச்சுப் போட்டாள். கோடு அடங்கி நேராக ஓடியது. இரண்டாவது கட்டியின் கரைசல் போனதும் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"இதுலதானே கலந்தீங்க?"

"அடேயப்பா! இதுலதாம்மா. எப்ப குடுப்பீங்க இந்த மெஷினை?"

அவர் போனபின் வுகாஷின் துண்டை எடுக்கக் கை நீட்டினான். ராதோய்கா அந்தக் கையைப் பட்டென்று தட்டிவிட்டு, கருவியைச் சுற்றியிருந்த துண்டின் முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.