மேஜைமேல் கொட்டிய கைப்பை

"செவ்வாய். காலை. மல்லிகாவுடன் காவல் நிலையம். புகார்: தாக்குதல். சோதனை: புகார் கொடுத்தவரின் கைப்பை."

என் டைரியில் போன வாரக் குறிப்பு இவ்வளவுதான். பத்திரிகைக்கு எழுதுகிறவள் என்பதால் எதையும் தேதி போட்டு விரிவாக எழுதி வைக்கிறவள் நான். அன்று அதற்குமேல் பேனா நகரவில்லை...

மல்லிகா – நான் வைத்த பெயர் – திருச்சி பஸ்ஸில் என்னோடு வருகிறவர். பாலியல் தொழில் செய்கிறார். பழகி வெகுநாள் கழித்து அவரே சொன்னது. தெருவுக்கு அவர் ஜவுளிக்கடை ஊழியர், கணவர் சிங்கப்பூரில். எங்கள் மாவட்டத்தில் 'அவர் சிங்கப்பூர்ல' என்றால் மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. எத்தனையோ வீடுகளில் அது உண்மையாயிற்றே!

திருமயம் தாண்டி ஹைவேயில் காரில் கூட்டிப்போன ஒருவன், ஆணுறை வேண்டாம் என்றிருக்கிறான். இவர் மறுத்தார். அடித்துப் பலவந்தம் செய்திருக்கிறான். உதட்டில் தையல்.

"விட்டா அடுத்தவளக் கொன்னுபுடுவான்க்கா. வண்டி நம்பர் எங்கிட்ட இருக்கு. நீங்க பக்கத்துல உக்காந்தாப் போதும்."

உட்கார்ந்தேன். எந்த நிலையம் என்று எழுதப்போவதில்லை. ஸ்டேஷன் ரைட்டர், தொழிலைக் கேட்கும்வரை புகாரை ஒழுங்காகத்தான் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா வேலை பாக்குற?"

மல்லிகா சொன்னார். "மறைச்சா நாளைக்கு அவன் வக்கீலு கேப்பாருங்க சார்."

பேனா நின்றது. "பையக் கொட்டு."

பஸ் டிக்கெட், சீப்பு, தைலம்... ஒரு பாக்கெட் ஆணுறை.

"இது எதுக்கு?"

"நோய் வராம இருக்கத்தான். ஜிஹெச்ல குடுத்ததுங்க."

பக்கத்து மேஜைக் காவலர் சிரித்தார். "பரவால்லையே! சாட்சியக் கையோட கொண்டாந்துருச்சு."

"எந்தக் கேஸுக்குங்க சாட்சி?" என்றார் மல்லிகா. "இது வேணாம்னுதானே அவன் அடிச்சான்? குடுக்கிறதும் கவர்மென்ட்டு, புடிக்கிறதும் கவர்மென்ட்டா?"



வயது வந்த பெண் தன் விருப்பத்தோடு இத்தொழில் செய்வது தன்னளவில் நம் சட்டத்தில் குற்றமில்லை. வன்முறைக்கு ஆளானால் மற்றப் பெண்களுக்குரிய அத்தனை உதவியும் இவர்களுக்கும் உண்டு. ஆணுறையைக் குற்றத்தின் சாட்சியாகக் கொள்ளக் கூடாது – இது உச்ச நீதிமன்றம் 2022 மே 19 அன்று சொன்னது. ரைட்டரிடமும் தேதியோடு சொன்னேன்.

"அதெல்லாம் டெல்லிங்க மேடம். பெட்டிஷன வச்சுட்டுப் போங்க, விசாரிக்கிறோம். ஏம்மா, ஒன் வீட்டு ஓனர் யாரு? அவருகிட்டயும் ஒரு வார்த்தை கேக்கணும்ல?"

அந்த ஒரு வார்த்தை அன்று மாலையே கேட்கப்பட்டது. யூனிஃபார்மில், பைக்கில், தெருவே பார்க்க.

விபசாரத்துக்கென்று தெரிந்தே வீடு விட்டால் ஓனர் மீதும் வழக்குப் போட இடமுண்டு. மல்லிகா அந்த வீட்டுக்குள் யாரையும் சேர்த்ததில்லை. அதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

"எம்பொண்ணு கல்யாணத்துக்கு நிக்கிது மேடம். நாளைக்கே காலி பண்ணச் சொல்லுங்க. நல்லவங்கதான்... அதுக்காக?" என்றார் ஓனர், பேசப் போன என் முகத்தைப் பார்க்காமல்.

கார் நம்பர் பெட்டிஷனில் இருந்தது. அதைத் தேடி யாராவது போனார்களா? அடிபட்டவரின் வீட்டைத் தேடிப் போக அரைநாள் போதுமாக இருந்தது!

சாமான்களை ஆட்டோவில் ஏற்றும்போது மல்லிகா சொன்னார்: "எழுதுங்கக்கா. ஊரு பேரு மட்டும் போட்டுறாதீக."

போடவில்லை.

வழக்குப் பதிவானதா? கேட்கும்போதெல்லாம் "பாத்துக்கிட்டு இருக்கோம்" என்கிறார்கள். மல்லிகாவின் போன் அணைந்தே கிடக்கிறது. நேற்று பஸ்ஸில் அவருடைய தோழி ஒருத்தி காதோரம் சொன்னாள்:

"தொழிலுக்குப் போறா. ஆனா இப்பல்லாம் பையில அத வச்சுக்கிறதில்லையாம்க்கா. போலீஸ் பயந்தான்."

மல்லிகாவிடமே கேட்டு இதை உறுதி செய்ய இன்னும் முடியவில்லை. எனக்குக் கிடைத்த ஒரு தகவல் பொய்யாக இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொள்வது இதுவே முதல் முறை.