அட்டையில் ஓடிய அடையாறு

கோட்டூர்புரத்தில் ஆற்றோரமாக ஒரு தரைத்தள வீட்டை அப்பா பார்த்து வைத்திருந்தார். தி. நகர் மாடி வீட்டிலிருந்து அங்கே குடிபோவதாகப் பேச்சு. எப்படியும் போகப்போகிற இடம்தானே என்று, கல்லூரியில் புவியியல் படித்துக்கொண்டிருந்த அக்கா தன் பாடத்துக்காக அந்தப் பகுதியையே, ஆறு கடலில் சேருமிடம் வரை, மாதிரியாகச் செய்யத் தொடங்கினாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

செயற்கைக்கோள் அளந்த உயரங்களைக் கம்ப்யூட்டரில் போட்டு, ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடுகளாக இணைத்து அச்செடுத்து வந்தாள். கோட்டுக்கு ஓர் அட்டை வெட்டி அடுக்கடுக்காக ஒட்டினோம். உள்ளபடியே செய்தால் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடும் என்று உயரத்தை மட்டும் பல மடங்கு கூட்டியிருந்தாள். மேலே வெள்ளை சிமென்ட் பூசி, பெயின்ட் அடித்தோம். எங்கள் புது வீட்டுக்கு நான் ஒரு தீப்பெட்டியை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் பூவாளியால் மழை பெய்யவைத்தது நான்தான். முதல் மழை ஒழுங்காக ஆற்றில் இறங்கிக் கடலுக்குப் போனது. பிறகு அக்கா முகத்துவாரத்தில் ஒரு பிடி மணலை வைத்து அடைத்தாள். மறுபடி ஊற்றினேன். தண்ணீர் தயங்கி, பின்வாங்கி, கரையேறி, ஒரே ஒரு தெருவுக்குள் புகுந்தது.

"அக்கா, நம்ம வீடு மிதக்குது பாரு" என்று குதித்தேன். துணி காயப்போட வந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"இது நம்ம தெருவா?"

"ஆமாப்பா. பக்கத்துத் தெரு கொஞ்சம் மேடு, அங்க ஏறல."

"உயரத்தைக் கூட்டிட்டேன்னு சொன்னியே?"

"எல்லாத்தையும் ஒரே மாதிரிதான்ப்பா கூட்டியிருக்கேன். பள்ளம் பள்ளமாத்தான் இருக்கும்."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். "துடைச்சிட்டு இன்னொரு வாட்டி ஊத்து" என்றார். ஊற்றினேன். மணலைக் குறைக்கச் சொன்னார். பிறகு பூவாளியை அவரே வாங்கிக்கொண்டார். எப்படி ஊற்றினாலும் தண்ணீர் முதலில் தேடிப்போனது எங்கள் தெருவைத்தான். தீப்பெட்டி ஊறிப் பிரிந்துபோனது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஈரத் துணியெல்லாம் வாளியிலேயே கிடந்தது.

அன்று சாயங்காலம் கோட்டூர்புரம் வீட்டுக்காரருக்குப் போன் செய்து, வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அந்த வீட்டு வாசலில் ஊஞ்சல் இருந்தது. நான் அழுதேன், அக்காவோடு பேசாமல் படுத்துக்கொண்டேன்.

ஆனால் மறுநாள் வகுப்பில் அதையெல்லாம் சொல்லவில்லை. கடை கடையென்று ஓடுகிற எங்கள் அப்பா, ஞாயிற்றுக்கிழமை பூராவும் எங்களோடு தண்ணீரில் விளையாடினார் என்றுதான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.