இல்லாத மலேரியாவைத் தேடுகிறவன்

மலேரியா ஒழிந்துபோன இலங்கையில் மலேரியா தேடுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வரிசையில் காய்ந்து, கடைசியில் "ஒன்றுமில்லை" என்று கேட்டு எரிச்சலோடு வீடு போன உங்களுக்கு என் பாடு விளங்கும்.

மூக்கு

கொரோனாவுக்குப் பிறகு பரிசோதனை அட்டையைக் கண்டாலே எங்கள் சனம் அண்ணாந்து மூக்கைக் காட்டும். இந்தியாவில் கோயில்கள் பார்த்துவிட்டுக் காய்ச்சலோடு திரும்பிய வட்டக்கச்சி அம்மா ஒருவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டு மூக்கை நீட்டினார். விரலில் ஒரு துளி இரத்தம் போதும் என்று சொல்லிக் குத்தினேன். விரலையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"காய்ச்சல் தலையில நிக்குது தம்பி. நீர் விரலில தேடுறீர்."

இருபது நிமிடம்

அட்டையில் ஒரு கோடு என்றால் மலேரியா இல்லை, இரண்டு என்றால் இருக்கிறது. இருபது நிமிடத்துக்குள் பார்த்துவிட வேண்டும். நேரம் கடந்து தோன்றுகிற கோட்டுக்கு நான் பொறுப்பில்லை.

முல்லைத்தீவில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவருக்கு ஒரு கோடுதான் வந்தது. மலேரியா இல்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பினால் அட்டையைக் காணவில்லை. மறுநாள் காலை அதைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மங்கலாக இரண்டாவது கோடு. புது அட்டையில் மறுபடி சோதித்தேன், ஒன்றுதான். அவருக்குத் திருப்தியில்லை.

"நேற்று நீங்கள் இல்லை எண்டீங்கள். இண்டைக்கு இது ஓம் எண்டுது. இதில ஆர் அரசாங்க உத்தியோகம்?"

ஒரு கோடு

நாயாற்று மீனவர் அன்ரன் நாலு நாள் காய்ச்சலோடு வந்தார். டெங்கு இல்லை. வெளிநாடு ஏதும் போனீர்களா என்று கேட்டதற்கு, "வவுனியாவையே தாண்டினதில்லை" என்றார். மனைவி மெற்றில்டா என்னை விறாந்தைக்குக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னார். பிரான்சுக்கென்று கூட்டிப்போன ஏஜென்சிக்காரன், ஆறு மாதம் ஆபிரிக்காவில் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டானாம். வெளியில் மூச்சுவிடமாட்டேன் என்று அன்ரன் அவனுக்குச் சத்தியம் பண்ணியிருக்கிறாராம்.

அட்டை போட்டேன். ஒரு கோடு. அன்ரன் சேர்ட்டை மாட்டிக்கொண்டு எழும்பிவிட்டார். மறித்து இருத்தினேன். ஆபிரிக்கக் கிருமிகளில் சில அட்டைக்கு அகப்படாது, ஆனால் ஆளைக் கொல்லும். இரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுணுக்குக்காட்டியில் வைத்தேன். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கிருமி, பக்கத்தில் இன்னொன்று. அட்டையை நம்பி அனுப்பியிருந்தால் அடுத்த கிழமை கோயிலில் அவருக்கு அடக்கப் பூசை வைத்திருப்பார்கள்.

வார்டில் வைத்துக் குளிசை கொடுத்த மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கட்டிலில் இருந்து இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"கிருமியைப் பிடிச்சிட்டீங்கள், சந்தோசம் ஐயா. ஏஜென்சிக்காரனைப் பிடிச்சுக் குடுத்திடாதேங்கோ. அடுத்த முறை கட்டாயம் பிரான்சில இறக்கிவிடுறன் எண்டு சொன்னவன்."

மலேரியாவுக்கு மூன்று நாள் குளிசை போதும். பிரான்சுக்குத்தான் இன்னும் ஒரு மருந்தும் வந்துசேரவில்லை.