பேர், ஒரு சின்னக் கேள்வி, பாட்டு

அன்ரனெற் வேலை செய்தது பாதர்ஸ்ற் வீதியில் இருந்த ஒரு யூத முதியோர் இல்லத்தில். அவளுக்கு மூன்றாம் மாடி. நினைவு தப்பியவர்களின் மாடி. குளிப்பாட்டுவதும் மருந்து கொடுப்பதும் மற்றவர்களின் வேலை. இவளுடைய வேலை அவர்களோடு கூட இருப்பது. பலூன் தட்டி விளையாட வைப்பாள், பிங்கோவுக்கு இலக்கம் கூப்பிடுவாள், வெள்ளிக்கிழமை பின்னேரம் மெழுகுதிரிக்கு முன்னால் சக்கர நாற்காலிகளை வட்டமாக வைப்பாள். செவ்வாயும் வியாழனும் மியூசிக் தெரபிக்காரி ஷரன் கீபோட்டோடு வருவாள். அப்போது அன்ரனெற் பக்கத்தில் நின்று பாடுவாள்.

"உமக்குப் பாடிறதுக்கே சம்பளம் தருகினமோ?" என்று புருசன் மரியநாயகம் பகிடி பண்ணுவார். "கோயில்லை நீர் பாடேக்கை முன் வாங்கில் சனம் பின்னுக்கெல்லே போறது."

அந்தக் கிழவர்களுக்குப் பிடித்தது யிட்டிஷ் பாட்டுகள். அன்ரனெற்றுக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஷரன் ஒரு வரி பாடிக் காட்ட, காதில் விழுந்ததைத் தமிழ் எழுத்தில் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்வாள். தமிழில் இருப்பது ஒரு 'ப' தானே. பாட்டிக்கு அவர்கள் 'போபே' என்பார்கள்; முதல் எழுத்தை, 'பஸ்' என்பதில் வருவதுபோல், அழுத்திச் சொல்லவேண்டும். ஒருநாள் அவள் கொப்பியைப் பார்த்து 'போப்பே, போப்பே' என்று உருகிப் பாட, சில்பர்மன் என்ற பழைய தையற்காரர் மேசையில் தட்டினார்.

"கேட்டியளோ! கத்தோலிக்க மனிசி எங்களுக்குப் போப்பாண்டவரைப் பாடுறா!"

மகனின் பெயர் மறந்துபோன மனிதர், பகிடி மறக்கவில்லை. வட்டம் முழுவதும் சிரித்தது. அன்று மத்தியானம் அன்ரனெற் கொப்பியை எடுத்து, அழுத்திச் சொல்லவேண்டிய எழுத்து ஒவ்வொன்றுக்கும் கீழே சிவப்புப் பேனையால் கோடு போட்டாள். நாற்பத்திரண்டு பாட்டு. ஒன்றையும் விடவில்லை.

கித்தல் என்ற கிழவிக்கு எண்பத்தெட்டு வயது. பிறந்தது போலந்தில். பின்னேரம் மூன்று மணியானால் லிப்ற் கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். கதவு திறந்தவுடன், "பெய்லா வந்திட்டாளோ?" என்பாள்.

பெய்லா அவளுடைய அக்கா. நாற்பத்தைந்தில் யுத்தம் முடிந்தபோது, ஆட்கள் திரும்பி வருகிற ரயில்களைப் பார்த்தபடி கித்தல் ஒரு ஸ்ரேசனில் ஐந்து மாதம் நின்றிருக்கிறாள். அக்கா வரவில்லை. வராத காரணம் பிறகு தெரிந்தது. தெரிந்தது இப்போது மறந்துவிட்டது, நின்றது மறக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதற்கிழமை அன்ரனெற் உண்மையைச் சொல்லிவிட்டாள். பொய் சொல்லிப் பழகாதவள். "அம்மா, பெய்லா செத்து அறுபது வருசமாச்சுது" என்றாள். கித்தல் போட்ட சத்தத்தில் மற்ற மாடிகளிலிருந்து நேர்சுகள் ஓடிவந்தார்கள். இரவு வரை அழுதாள். அடுத்த நாள் மூன்று மணிக்கு லிப்ற் கதவு திறந்தது. "பெய்லா வந்திட்டாளோ?"

ஷரன்தான் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் இருத்திச் சொன்னாள். "மற்றவைக்கு ஒரு சாவு ஒருக்கால்தான் வரும். நீ சொல்லச் சொல்ல அவவுக்கு அது ஒவ்வொரு நாளும் வரும். பொய்யும் சொல்லாதை. பேரைத் திருப்பிச் சொல்லு. அந்த ஆளைப் பற்றி ஒரு சின்னக் கேள்வி கேள். பதில் வாயிலை இருக்கேக்கையே பாட்டைத் தொடங்கு."

பேர், ஒரு சின்னக் கேள்வி, பாட்டு.

"பெய்லாவோ? பெய்லா தலையை எப்பிடிப் பின்னுறவ?"

கித்தலின் இரண்டு கையும் காதுக்குப் பக்கத்தில் எழும்பும். "ரெண்டாய். வலப்பக்கம் எப்பவும் தடிப்பு. அவசரக்காரி." அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அன்ரனெற் பாடத் தொடங்குவாள். ரயிலும் ஸ்ரேசனும் போய்விடும்.

ஆறு வருசமாக இதுதான் நடந்தது. இன்று எந்தக் கேள்வி கேட்டாள், கித்தல் என்ன சொன்னாள் என்று வீட்டில் வெங்காயம் வெட்டியபடி புருசனுக்குச் சொல்லுவாள். மரியநாயகம் பேப்பரைப் பார்த்தபடி "ம்" கொட்டுவார்.

இரண்டாயிரத்து ஒன்பது பிறந்ததிலிருந்து அந்தக் கதைகள் நின்றுபோயின. அன்ரனெற்றின் ஒரே தங்கச்சி எமில்டா, குருநகரிலிருந்து முல்லைத்தீவுக்குக் கலியாணம் முடித்துப் போனவள், புருசன் சூசைதாசனோடும் மகள்மாரான இரண்டு பெட்டைகளோடும் சண்டைக்குத் தப்பிக் கடற்கரை ஓரமாக ஒவ்வொரு இடமாக இடம்பெயர்ந்துகொண்டிருந்தாள். மாசி மாதம் யாரோ ஒருவரின் போனில் அரை நிமிசம் கதைத்தாள். "அக்கா, இருக்கிறம்" என்றாள். அதுதான் கடைசி. அன்ரனெற் முகாமிலிருந்து வரும் பெயர்ப் பட்டியல்களை வாசித்தாள், வீதி மறியலில் நின்றாள், செபமாலை சொன்னாள். ஒவ்வொரு பின்னேரமும் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்ற முன்னம் கேட்பாள்: "ஏதும் தெரிஞ்சுதோ?"

"லைன் கிடைக்கேல்லை," என்பார் மரியநாயகம்.

மே பதினெட்டு, திங்கட்கிழமை. இங்கே நாட்டுக்கு விடுமுறை, முதியோர் இல்லத்துக்கு ஏது விடுமுறை. வெளிச் சாப்பாட்டை மேலே கொண்டுபோகக் கூடாதென்பது அந்த இல்லத்தின் முறை. அதனால் நிலவறையில் இருந்து மீன் பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அவள் குடியிருக்கும் கட்டடத்தில், அதே மாடியில் இருக்கும் யூஜினி.

"அன்ரனெற், முடிஞ்சுதாம்."

"என்ன முடிஞ்சது?"

"எல்லாம்."

அன்ரனெற் மிச்சப் பணிஸைக் கடதாசியில் சுற்றினாள். பிறகு யூஜினி, "நீர் சமைக்க வேண்டாம். நான் சோறு கறி கொண்டுபோய் வைச்சிருக்கிறன்," என்றாள்.

ஸ்காபரோவுக்கு வந்து சேர ஐந்தரை. வெயில் இன்னும் மங்கவில்லை. அடுப்பில் யூஜினியின் சட்டி மூடியபடி இருந்தது. ரிவி நிறுத்தியிருந்தது. மரியநாயகம் அதற்கு முன்னால் இருந்தார்.

"ஏதும் தெரிஞ்சுதோ? இனிச் சண்டை இல்லையெண்டால் ஆக்கள் வெளியிலை வந்திருப்பினமெல்லே? எமில்டா..."

"எமில்டா," என்றார் அவர். நிமிர்ந்து பார்த்தார். "எமில்டா சின்னனிலை கடலுக்குப் பயமெண்டு ஒருக்கால் சொன்னனீர். குருநகரிலை பிறந்த பிள்ளை, ஏன் அப்பிடி?"

அன்ரனெற்றுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாசிக்குப் பிறகு வந்த முதற் சிரிப்பு. "கடலுக்கில்லை, நண்டுக்கு! சாக்குக்குள்ளை கிடந்த நண்டு காலைக் கவ்விப்போட்டுது. அதுக்குப் பிறகு நண்டுக் கறியெண்டால், ரெண்டு காலையும் கதிரைக்கு மேலை தூக்கி வைச்சுக்கொண்டுதான் தின்னுவாள். ஆனா தின்னாமல் விடமாட்டாள். அப்பா சொல்லுவார்..."

மரியநாயகத்தின் கை பக்கத்து மேசையில் இருந்த சீடிப் பெட்டியை நோக்கிப் போனது. அவளுடைய வேதப்பாட்டுச் சீடி அதற்குள் இருந்தது.

அப்பா என்ன சொல்லுவார் என்பதை அன்ரனெற் சொல்லவில்லை. இருபத்தேழு வருசக் கலியாணத்தில் இந்த மனிதர் எமில்டாவைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

"அதை அமத்தாதேங்கோ."

அவருடைய விரல் பொத்தானுக்கு மேல் நின்றது.

"இஞ்சேருங்கோ. எனக்கு ஞாபகம் போகேல்லை. ஒருக்கால் சொன்னாக் காணும்."

மரியநாயகம் கையை எடுத்து மடியில் வைத்தார். சொல்லத் தொடங்கினார். சனம் வெளியே வந்த நேரம் ஷெல் விழுந்தது. எமில்டா அந்த இடத்திலேயே போய்விட்டாள். சூசைதாசனும் பெட்டைகளும் செட்டிகுளத்தில் முகாமில் இருக்கிறார்கள். அங்கிருந்து சூசைதாசன் யாருடைய போனிலோ எடுத்தான்.

"எப்ப எடுத்தவன்?"

"மூண்டு கிழமையாச்சு."

"எங்கை தாட்டது?"

அவர் தலையை ஆட்டினார். "புதைக்க விடேல்லை, ஷெல் நிக்கேல்லை. பெட்டையளைத் தூக்கிறதோ, அவவைத் தூக்கிறதோ எண்டு கேட்டு அழுதான். நான் என்னத்தைச் சொல்ல?"

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"முதல், பொய்யாயிருக்குமெண்டு நினைச்சன். எத்தினை பேருக்குப் பொய்ச் செய்தி வந்தது. பொய்யில்லையெண்டு தெரிஞ்ச அண்டைக்கு, நீர் வந்து செருப்பைக் கழட்ட முன்னம் கேட்டீர். வாய் வரேல்லை. அடுத்த நாள் சொல்லலாமெண்டால், ஏன் நேற்றுச் சொல்லேல்லையெண்டு கேப்பீர். ஒவ்வொரு நாளும் ஒரு நாள் பிந்திச்சுது."

"யூஜினிக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"பங்குச் சுவாமிக்கு?"

"ஓம். புதன்கிழமை முப்பத்தோராம் நாள். பூசைக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். அதுக்கு முன்னம் சொல்லத்தான் வேணுமெண்டு சுவாமி சொன்னவர்."

மூன்று ஞாயிறு அவள் கோயிலில் எமில்டாவின் உயிருக்காக மன்றாடியிருக்கிறாள். பக்கத்து வாங்கில் ஆட்கள் குனிந்த தலை நிமிராமல் இருந்தது அவளுக்கு அப்போது பக்தியாகத்தான் தெரிந்தது. சத்தம் போட்டு அழவேண்டும் என்று நினைத்தாள். வரவில்லை. அழவேண்டிய நாட்கள் எல்லாவற்றையும் தனக்குப் பின்னால் மற்றவர்கள் அழுது முடித்துவிட்டதுபோல் இருந்தது. மரியநாயகம்தான் அழுதார், கதிரையில் இருந்தபடி, மூக்கைத் துடைக்காமல். அவள் அவருடைய தோளில் ஒரு கையை வைத்தாள். மற்றக் கையால் போனை எடுத்தாள்.

புதன்கிழமை அவளுக்கு வேலைநாள். முதியோர் இல்லத்தில் இந்தப் பின்னேரம் பொறுப்பில் இருந்த லிண்டா போனை எடுத்தாள். அன்ரனெற் ஆங்கிலத்தில், அவசரப்படாமல், தங்கச்சி செத்துப்போனாள், லீவு வேண்டும் என்றாள்.

"ஐயோ அன்ரனெற்! படிவத்துக்குத் திகதி வேணும். எப்ப நடந்தது?"

அவள் போனைப் பொத்திக்கொண்டு புருசனைப் பார்த்தாள். இன்னும் அவர் அதைச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

"இருபதாம் திகதி. திங்கள். அங்கத்தை விடிய அஞ்சு மணி."

"இருபது," என்றாள் போனில்.

"மே இருபது இன்னும் வரேல்லையே?"

"ஏப்பிரல்."

அந்தப் பக்கத்தில் எழுதியதை வெட்டும் சத்தம் கேட்டது. பிறகு பெயரைக் கேட்டாள். அன்ரனெற் எமில்டாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். லிண்டா ஓர் எழுத்தைத் தவறாகத் திருப்பிச் சொல்ல, திருத்தினாள். நன்றி சொல்லிப் போனை வைத்தாள்.

அங்கே திங்கள் விடிய ஐந்து என்றால், இங்கே ஞாயிறு பின்னேரம் ஏழரை. அன்றைக்கு அவள் இந்த வீட்டில்தான் இருந்திருக்கவேண்டும். உடுப்பு மடித்திருப்பாளோ, குசினியில் நின்றிருப்பாளோ, போனில் யாரோடாவது கதைத்துச் சிரித்திருப்பாளோ. மழை பெய்ததா என்றுகூட நினைத்துப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஞாபகம் வரவில்லை.