இடது முப்பத்தெட்டு, வலது முப்பத்தைந்து

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் பதினெட்டு வருடமாகத் தைக்கிறேன். ஆயிரக்கணக்கில் ஷூ போவதற்கு முன்னால் ஒரே ஒரு ஜோடி செய்து காட்டுவோமே, அந்த வேலை. கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம் என்பார் எங்கள் மாஸ்டர்.

போன வருடம் ஒரு நாள் அவர் என் மிஷின் மேல் இரண்டு லாஸ்டுகளை வைத்தார். லாஸ்ட் என்றால் காலின் வடிவத்தில் வார்த்த அச்சு. அதன் மேல்தான் தோலை இழுத்து ஷூவாக்குவோம். இடது முப்பத்தெட்டு. வலது முப்பத்தைந்து, ஒடுங்கிப்போய், சின்னப் பிள்ளையின் கால்போல இருந்தது.

"ஒரு சின்ன நாடும்மா. அங்க மொதமொதலா ஒரு லேடி ஜனாதிபதி ஆவறாங்க. பதவி ஏத்துக்கற அன்னிக்குப் போட்டுக்கறதுக்கு. டைம் ரொம்பக் கம்மி, பேஜார் பண்ணாம தைச்சுக் குடு," என்றார்.

அந்த வலது அச்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் வலது காலும் அப்படித்தான். மூன்று வயதில் வந்த போலியோ. நான் விந்தி நடப்பது எல்லோருக்கும் தெரியும். முதுகுக்குப் பின்னால் எனக்கு என்ன பெயர் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் பாதத்தை யாருக்கும் காட்டியதில்லை. புடவை தரையைக் கூட்டும். இரண்டு காலுக்கும் ஒரே அளவில்தான் செருப்பு வாங்குவேன், வலதில் துணியை அடைத்துக்கொள்வேன். ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைக்கிறவளின் லட்சணம் இது.

வீட்டில் என் மகள் போனில் தேடிப் படித்துச் சொன்னாள். அந்த அம்மா மீன் பிடிக்கிறவரின் மகளாம். அண்ணன் முதுகில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர். டீச்சராகி, அப்புறம் தீவு தீவாகப் படகில் போய் ஓட்டுக் கேட்டு, இரண்டு தடவை தோற்றிருக்கிறார். எதிர்க்கட்சிக்காரர்கள் அவரை ஊன்றுகோலோடு சுவரில் வரைந்து கேலி செய்தார்களாம். மூன்றாவது தடவை ஜெயித்துவிட்டார். "செம கெத்தும்மா," என்றாள் மகள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் படகு, தோல்வி, வெற்றி என்று எல்லாவற்றையும் கூட இருந்தவர்களிடம் அளந்தேன். காலைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. அந்தப் பேச்சு கடைசியில் என் காலில் வந்து நிற்கும் என்ற பயம். அதுவே வினையாகிப் போனது.

ஷூ கிளம்ப வேண்டிய நாள் வெள்ளிக்கிழமை. மாஸ்டர் தொழுகைக்குப் போயிருந்தார். ஏர்போர்ட்டுக்குப் போகிற வண்டி வாசலில் நின்றது. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பேக்கிங் பக்கம் போனேன். செக்கிங் வேலை பார்க்கிற குடியாத்தத்துப் பெண் என் வலது ஷூவை ஒரு கையிலும் கத்தியை மறு கையிலும் வைத்திருந்தாள். கழித்த ஷூவை யாரும் வெளியே விற்றுவிடாதபடி கிழித்துவிடுவது எங்கள் வழக்கம்.

"இன்னாடி பண்ற?"

"ஜோடி மாறிப்போச்சுக்கா. ஒண்ணு முப்பத்தெட்டு, ஒண்ணு முப்பத்தஞ்சு. நல்லவேளை நான் பாத்தேன்."

"மாறலடி. அவங்க அளவே அதான்."

"ஒரு நாட்டுக்கே தலைவின்னு நீதான சொன்ன? அவங்களுக்குப் போய் இப்படிக் கால் இருக்குமா? சும்மா இரு, அக்கா."

ஆர்டர் தாள் மாஸ்டரின் மேஜைக்குள் பூட்டிக் கிடந்தது. கத்தி முனை தோலில் பட்டுவிட்டது. நான் செருப்பை உதறினேன். அடைத்திருந்த துணி தனியாக விழுந்தது. புடவையைத் தூக்கி, வலது காலை இரண்டு கையாலும் எடுத்து, அவள் எதிரில் இருந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்தேன்.

"இருக்கும்டி. நல்லாப் பாரு. இப்படித்தான் இருக்கும்."

பேக்கிங் பிரிவு மொத்தமும் பார்த்தது. வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இருந்தாலும் காலை எடுக்கவில்லை. அவள் கத்தியைக் கீழே வைத்தாள். இரண்டு ஷூவையும் தாளில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். வண்டி போய்விட்டது.

அடுத்த வாரம் பதவியேற்பு. சாப்பாட்டு வேளையில் பத்துப் பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கேமராக்காரப் பாவி ஷூவைக் காட்டவே இல்லை. அந்த அம்மா மேடைப் படிகளில் ஏறினார். இடது காலை வைத்து, வலதை இழுத்துச் சேர்த்து, கொஞ்சம் நின்று, மறுபடி இடது. யார் கையையும் பிடிக்கவில்லை. சபையே எழுந்து நின்று காத்திருந்தது. அவருக்கு அவசரமே இல்லை.

செக்கிங் பெண் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அப்படியே உன்ன மாதிரியே நடக்கறாங்கக்கா."

பதினெட்டு வருடத்தில் என் நடையைப் பற்றி என் முகத்துக்கு நேராக ஒருத்தி பேசியது அதுதான் முதல் தடவை. கை முழுக்கச் சாம்பார் சோறு. கண்ணைத் துடைக்க முடியாமல், சந்தோஷத்தில் அப்படியே அழுதுகொண்டிருந்தேன்.